சட்டைப்பைக் கொப்பி முதலில் எங்கே பிரிகிறது

யாழ்ப்பாணத்தில் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார். அளவுகளையும் சாமான் கணக்கையும் குறித்துக்கொள்ளச் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிறு கொப்பி வைத்திருப்பாராம். மூன்று மாதம் போவதற்குள் மட்டை கழன்று நடுத்தாள்கள் உதிர்ந்துவிடுகின்றன; மாரி தொடங்கினால் எழுத்தும் கரைந்துவிடுகிறது. கனடாவில் இருக்கும் தமையனார் நல்ல கொப்பியாக வாங்கி அனுப்பத் தயாராக இருக்கிறார். எந்த நிறுவனத்தின் கொப்பியைக் கேட்டால் ஒரு வருடம் தாங்கும்? நிறுவனத்தின் பெயரைக் கேட்பதுபோல் இருந்தாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கொப்பி ஏன் பிரிகிறது என்பது ஒன்று. எழுதியது ஏன் நிற்பதில்லை என்பது மற்றது. இரண்டின் காரணமும் வேறு, பரிகாரமும் வேறு. மிகவும் உறுதியான கொப்பியில் கரையும் மையால் எழுதுகிறவர்களையும், அழியாத மையால் உதிரும் கொப்பியில் எழுதுகிறவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் ஓர் அச்சகத்தின் புத்தகம் கட்டும் பகுதியில் தொழில் பழகியவன். இப்போது பெரும்பாலும் பழுதான புத்தகங்களையும் பதிவேடுகளையும் பிரித்துத் திருப்பிக் கட்டுகிறேன். தாள், நூல், பசை, கம்பி ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். உங்கள் கொப்பி எத்தனை மாதம் ஓடும் என்று ஓர் எண்ணைக் கேட்டால் தரமாட்டேன். வியர்வை ஆளுக்கு ஆள் வேறுபடும். நாளுக்கு நான்கு முறை திறப்பவரின் கொப்பியும் நாற்பது முறை திறப்பவரின் கொப்பியும் ஒன்றல்ல. அப்படி எண் சொல்லி விற்கிறவர்களையும் நான் நம்புவதில்லை.

எல்லோரும் முதலில் தாளைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தாளின்மேல் பிழை இல்லை. கொப்பி முதுகில்தான் சாகிறது. உதிர்ந்த கொப்பி ஒன்றை எடுத்து நடுப்பக்கத்தை விரித்துப் பாருங்கள். தாள்களைச் சேர்த்து முதுகில் குத்திய கம்பியின் இரண்டு கால்களும் மடிந்து படுத்திருக்கும் இடத்தில், தாளில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கறை தெரியும். அது துரு. கம்பிக்கு மெல்லிய நாகப் (துத்தநாகப்) பூச்சு உண்டு. ஆனால் வெட்டிய நுனியிலும் வளைத்த இடத்திலும் அந்தப் பூச்சு காப்பதில்லை. வியர்வையின் உப்பு முதலில் அங்கேதான் வேலையைத் தொடங்கும். துரு கம்பியை மட்டும் தின்பதோடு நிற்காது. தொட்டுக்கொண்டிருக்கும் தாளின் நார் சிதைவதையும் விரைவுபடுத்தும். கறை பட்ட இடத்தை நகத்தால் மெல்லச் சுரண்டினால் தாள் பொடியாக வரும். துளை பெரிதாகும், நடுத்தாள் நழுவும். அது போனதும் கம்பியின் பிடி தளர்ந்து, அடுத்த தாள்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். வெளிப்பக்கத்தில் மட்டை கம்பியின் முதுகில் இழுபட்டு, துளையிலிருந்து துளைக்குக் கிழியும். மூன்று மாதம் என்று நீங்கள் சொன்னதில் எனக்கு வியப்பில்லை.

கம்பி இல்லாமல் முதுகில் பசை மட்டும் போட்டு ஒட்டிய கொப்பிகள் அதைவிடத் திடமாகத் தோன்றும். தாள்களின் முதுகை வெட்டிச் சமப்படுத்தி, உருக்கிய பசையைத் தடவி, மட்டையில் பதித்து எடுப்பார்கள். மேசையில் வைத்து எழுத நல்லது. சட்டைப்பைக்கு வேண்டாம் என்பேன். அந்தப் பசை சூட்டில் உருகிப் பிடிப்பது, மறுபடி சூடு ஏறினால் மெத்தென்று ஆகிவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள்ளும் மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழேயும் ஏறும் சூடு அதற்குப் போதும். மெத்தென்ற நிலையில் கொப்பியை மல்லாக்கத் திறந்தால் முதுகு நடுவில் பிளக்கும். பிறகு எத்தனை தரம் ஒட்டினாலும் அதே இடத்தில் திறக்கும். சுருள்கம்பிக் கொப்பி தட்டையாகத் திறக்கும், தாளும் எளிதில் உதிராது. ஆனால் பையில் நசுங்கிய சுருள் பக்கங்களைப் புரளவிடாது, நுனி துணியைக் குத்தும். மிஞ்சுவது நூல் தையல். நூல் துருப்பிடிக்காது, சூட்டில் இளகாது, மடிப்போடு சேர்ந்து அசையும். இந்த ஒரு விடயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: பையில் தினமும் வளைந்து நிமிரும் கொப்பிக்கு மடிப்பின் வழியே தைத்த நூல்தான் சரியான கட்டு.

தாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பருமனைப் பற்றியல்ல, நார் படுத்திருக்கும் திசையைப் பற்றி. தாள் செய்யும் இயந்திரத்தில் கூழ் ஓடும் திசையிலேயே பெரும்பாலான நார்கள் படுத்துவிடுகின்றன. அந்தத் திசையோடு மடித்தால் தாள் சொன்னபடி கேட்கும்; குறுக்கே மடித்தால் நார் முறிந்து மடிப்பு வெடிக்கும். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் மாறுவதில்லை, பருமனில்தான் ஊதும். ஆகவே நார் முதுகுக்குக் குறுக்காக இருக்கும் கொப்பியில், ஈரத்தை உறிஞ்சிய தாள் முதுகின் நீளத்துக்கு விரியப் பார்க்கும்; கட்டு விடாது; தாள் அலையலையாக நெளியும். வாடைக் காலத்தில் சில கொப்பிகள் மட்டும் அப்பளம்போல் ஆகி மற்றவை தட்டையாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேண்டாத ஒரு தாளை நெடுக்கிலும் குறுக்கிலும் கிழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: நாரோடு போகும் கிழிசல் ஓரளவு நேராக ஓடும், குறுக்கே போவது பல்லுப் பல்லாக விலகும்.

இனி வியர்வை. நனைந்தால் சாதாரணத் தாள் தன் வலிமையில் பத்தில் ஒரு பங்கைக்கூட வைத்திருப்பதில்லை. நார்களைப் பிடித்துவைத்திருக்கும் பிணைப்புகளுக்குள் நீர் புகுந்து அவற்றை அவிழ்த்துவிடுகிறது. காய்ந்தபின் வலிமை பெருமளவு திரும்பும்; ஆனால் ஈரமாக இருக்கும்போது நீங்கள் குனிந்து நிமிர்ந்ததில் ஏற்பட்ட கிழிசல் திரும்பாது. வியர்வையின் தனித் தொல்லை அதிலுள்ள உப்பு. கறியுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் சூழ்ந்த நமது ஊரில் இரவிலும் விடியலிலும் ஈரப்பதம் அதைத் தாண்டுவது புதுமையல்ல. ஆகவே வியர்வை ஊறிய கொப்பி, நீங்கள் உறங்கும்போது மேசையில் கிடந்தாலும் மறுபடி நனைகிறது. பாசையூரிலும் குருநகரிலும் மீன் கணக்கு எழுதுகிறவர்களின் கொப்பிகளில் இதைக் கையால் தொட்டே அறியலாம். காலையில் தாள் குளிர்ந்து தோய்ந்து கிடக்கும், மத்தியானம் சலசலக்கும்.

எந்தப் பையில் வைப்பது என்பதும் இதில் சேரும். காற்சட்டையின் பின்பையில் வைத்தால் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் முதுகு முறுகும். சட்டைப்பையில் வளைவு குறைவு, வியர்வை அதிகம். அத்துடன் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது கொப்பி உள்ளே போகும் வாய்ப்பும் உண்டு. காற்சட்டையின் பக்கப்பை, தொடையோடு ஒட்டாமல் தளர்வாக இருந்தால், என் பார்வையில் இரண்டையும்விட மேல். இது நான் கட்டிக் கொடுத்த கொப்பிகள் திரும்பி வந்தபோது அவற்றின் நிலையைப் பார்த்துச் சொல்வது. அளந்து நிறுத்துச் சொல்வதல்ல. சட்டைப்பைதான் வசதி என்றால், உடம்பின் பக்கம் வரும் மட்டைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் செருகி வையுங்கள். முழுக் கொப்பியையும் பொலித்தீன் பைக்குள் போட்டு நாள் முழுவதும் வைத்திருப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. மழைக்கு அது சரி. மற்ற நேரத்தில் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூஞ்சணம் பிடிக்கும்.

தமையனார் அனுப்பக்கூடியவற்றுக்கு வருவோம். மோல்ஸ்கின் என்ற பெயர் உங்கள் காதில் விழுந்திருக்கும். 1997 இல் மிலான் நகரிலிருந்து வெளிவரத் தொடங்கியது. அதன் பொக்கெட் அளவு 9 சென்ரிமீற்றருக்கு 14. நூலால் தைத்த 192 பக்கம், இறப்பர் பட்டி. கட்டு நல்ல கட்டு. ஆனால் 192 பக்கத்தை நாளுக்கு இரண்டு பக்கமாக நிரப்பினால் மூன்று மாதத்துக்கு மேல் அது உங்கள் வியர்வையில் கிடக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபீல்ட் நோட்ஸ் ஏறத்தாழ அதே அளவு, 48 பக்கம், மூன்று கம்பி. கம்பி என்றதும் நான் முகம் சுளிப்பேன் என்று நினைப்பீர்கள். ஆனால் 48 பக்கம் ஒரு மாதத்துக்குள் நிரம்பிவிடும், துரு வேலையைத் தொடங்க முன்னரே கொப்பி ஓய்வு பெற்றுவிடும். மூன்றாவது, ரைட் இன் த ரெயின். 1916 முதல் வரும் இது, அமெரிக்காவின் வடமேற்கில் மரம் வெட்டுகிறவர்களுக்காகச் செய்யத் தொடங்கிய பூச்சுத் தாள். மழையில் நின்று பென்சிலால் எழுதலாம், தாள் கிழியாது. ஆனால் நீர் கலந்த மை அதில் பிடிக்காமல் முத்து முத்தாக நிற்கும். இரண்டு சொட்டு மழையில் அளவு எடுக்க வேண்டிய தொழில் உங்களுடையது என்பதால், அனுப்பச் சொல்வதென்றால் அதை மட்டும் கேளுங்கள், ஐப்பசி முதல் மார்கழி வரைக்கு. கல்லுத்தாள் என்று விற்பதும் உண்டு. சுண்ணக்கல் தூளையும் பொலித்தீனையும் சேர்த்துச் செய்வது. நீர் ஒன்றும் செய்யாது, ஆனால் நாட்பட்ட வெயிலில் நொறுங்கும் குணம் உண்டு. வெயிலில் நிற்கிறவருக்கு அது எதற்கு?

எதை வாங்கினாலும் தோல் மாதிரி மினுங்கும் மட்டையில் மயங்காதீர்கள். அவற்றில் பல பொலியூரித்தேன் பூசிய துணி. ஈரமும் சூடும் சேர்ந்த காலநிலையில் அந்தப் பூச்சு நீரால் சிதைந்து, முதலில் பிசுபிசுத்து, பிறகு செதில் செதிலாக உரியும். அலுமாரியில் சும்மா இருந்தாலும் இது நடக்கும். மென்மையான பிவிசி உறையும் சிக்கல்தான்: அதை மென்மையாக்கக் கலந்த எண்ணெய் வெளியே கசிந்து, போட்டோப் பிரதியின் கரியை உறையோடு ஒட்டி எடுத்துவிடும். உறைக்குள் வரைபடப் பிரதியை மடித்து வைக்கிறவர்கள் இதைக் கண்டிருப்பார்கள்.

ஒரு வருடம் தாங்கும் கொப்பி உங்களுக்குத் தேவையில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். நிரம்பும்வரை தாங்கினால் போதும். பக்கத்தைக் குறைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தொலைந்தாலும் ஒரு மாதக் கணக்கோடு போகும். அப்படி ஒன்றை நீங்களே செய்யலாம். 80 கிராம் ஏ4 தாள் ஆறு எடுத்து, நீளத்தின் நடுவில் பாதியாக வெட்டுங்கள். பன்னிரண்டு துண்டு வரும். அவற்றை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 48 பக்கம். கடையில் வாங்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். இப்படி வெட்டி மடிக்கும்போது அது முதுகோடு சரியாக இணைந்து நிற்கும். ஏ4 ஐ வெட்டாமல் ஒரு தரம் மட்டும் மடித்துப் பெரிய கொப்பி செய்தால் நார் குறுக்கே விழும், அதனால்தான் அவை விறைத்துக்கொண்டு நிற்கின்றன.

மட்டைக்குத் தடித்த அட்டை ஒன்றை அதே நார்த் திசையில் மடித்து வெளியே போடுங்கள். மடிப்பில் மூன்று துளை, நடுவில் ஒன்று, மேல் கீழ் ஓரங்களிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் தள்ளி ஒவ்வொன்று. தடித்த பருத்தி நூலை மெழுகுதிரியில் இரண்டு தரம் இழுத்து, ஊசியை உள்ளிருந்து நடுத்துளையால் வெளியே விடுங்கள். வெளிப்பக்கமாகப் போய் மேல்துளையால் உள்ளே. உள்ளே நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளையால் வெளியே. மறுபடி நடுத்துளையால் உள்ளே. இப்போது நூலின் இரண்டு நுனிகளும் உள்ளே, நீளமாக ஓடும் நூலுக்கு இரு பக்கமும் நிற்க வேண்டும். அதற்கு மேலால் முடிச்சுப் போடுங்கள். ஒரே பக்கத்தில் நின்றால் முடிச்சு நீள நூலைப் பிடிக்காது, தையல் தளரும். பழகுகிறவர்கள் எல்லோரும் இடறும் இடம் இது. இழுக்கும்போது மடிப்பின் நீளத்துக்கே இழுங்கள், செங்குத்தாக இழுத்தால் நூல் தாளை அறுக்கும். முதுகின்மேல் ஒரு விரல் அகலப் பருத்தித் துணியை வெண்பசையால் ஒட்டி, மூலைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள்; கூர்மூலைதான் முதலில் நைந்து தாளுக்குத் தாள் பரவும். பழைய பைண்டர்கள் பயன்படுத்திய மாப்பசை நல்ல பசைதான், ஆனால் கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அது சாப்பாடு. அதற்காகவே துருசு என்ற செப்பு உப்பைக் கலந்தார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

எழுத்துக்கு வருவோம். உங்களுடையது கரைந்தது என்றால் நீங்கள் ஜெல் பேனையோ மை நிரப்பும் பேனையோ வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நீரில் கரைந்த சாயம் நீரோடு போகும், அவ்வளவுதான். ஜெல்லிலும் சாயத்துக்குப் பதில் நிறமித் துகள் சேர்த்தவை உண்டு. அவை நிற்கும், ஆனால் உறையில் அதைச் சொல்லாமலே விற்கிறார்கள். ஒரு வரி எழுதி, காயவிட்டு, தண்ணீர்க் குவளையில் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். எந்த விளம்பரத்தையும்விட அது உண்மை சொல்லும். சாதாரணக் குமிழ்முனைப் பேனையின் மை எண்ணெய்த் தன்மையானது, நனைந்தாலும் பெரும்பாலும் நிற்கும். அதன் பலவீனம் வெளிச்சம். திறந்தபடி வெயிலில் கிடந்தால் வெளிறும். பதிவுகள் வருடக்கணக்கில் வேண்டுமென்றால், ரீஃபிலில் ஐஎஸ்ஓ 12757-2 என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆவணங்களுக்கு உரிய குமிழ்முனை மைக்கான தரம் அது. இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது எச்பி பென்சிலை. அதன் கரி நீரில் கரையாது, ஒளியில் வெளிறாது. உரசலில் மட்டும் மங்கும், ஆகவே அதைவிட மென்மையான 2பி வேண்டாம். நம் ஊர் ஏட்டுச்சுவடிகளிலும் இதே உபாயம்தான்: எழுத்தாணி கீறிய பள்ளத்தில் கரி தேய்த்தார்கள், துடைத்தாலும் எழுத்து போவதில்லை. அவற்றுக்கு மடித்த முதுகும் இல்லை, துளையில் ஓடும் கயிறு மட்டும்தான். முறிவதற்கு அங்கே எதுவும் இல்லை.

எல்லாம் செய்தும் ஒருநாள் கொப்பி முழுக்க நனையும். நனைந்த பக்கங்களை உடனே பிரிக்காதீர்கள், கையோடு கிழிந்து வரும். கடல்நீரில் விழுந்ததென்றால், குமிழ்முனையாலோ பென்சிலாலோ எழுதியதாக இருந்தால், மூடியபடியே நல்ல தண்ணீரில் மெல்ல அலசி உப்பைப் போக்குங்கள். இல்லாவிட்டால் அது ஒருபோதும் சரியாகக் காயாது. பிறகு துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் நிறுத்தி, தானாகப் பிரியும் பக்கங்களுக்கிடையே உறிஞ்சுதாள் வைத்து, அடிக்கடி மாற்றுங்கள். வெயிலில் போட்டால் நெளிந்து விறைக்கும். அன்றைக்கு நேரமில்லை என்றால் பொலித்தீனில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். நமது சூட்டில் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். உறைந்த கொப்பி நீங்கள் ஆறுதலாக எடுக்கும்வரை அப்படியே இருக்கும். பளபளத்த தாள் மட்டும் விதிவிலக்கு, அது காயும்போது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதற்கு என்னிடம் வழியில்லை.

நிரம்பியவற்றை வைப்பதில் ஒரே ஒரு வேலைதான். கம்பி போட்ட கொப்பியாக இருந்தால் நடுப்பக்கத்தில் கம்பியின் கால்களை நிமிர்த்தி, முதுகுப் பக்கமாகக் கழற்றிவிட்டு, அதே துளைகளில் நூல் விடுங்கள். உதிர்ந்த தாளைச் செலோடேப்பால் ஒட்ட வேண்டாம். சில வருடத்தில் டேப் கழன்றுவிடும், மஞ்சள் பசை மட்டும் எழுத்தின்மேல் நிற்கும். முதல் பக்கத்தில் தொடங்கிய திகதியையும் முடித்த திகதியையும் எழுதி, காகித உறையில் போட்டு, நிலத்தோடும் சுவரோடும் முட்டாத தட்டில் நிறுத்தி வையுங்கள். நம் வீடுகளில் கறையான் சுவர் வழியாகத்தான் ஏறும்.